கிராமமும் லயமும்: சமூகக் கல்வியில் விடுபட்ட சரித்திரம்

ஒரு நாட்டின் பள்ளிக்கூடங்களில் எந்தச் சரித்திரம் சொல்லப்படுகிறதோ, அதைக் கொண்டே அந்த நாட்டில் யார் யாருக்கு இடம் உண்டு என்பதை அறிந்துவிடலாம். இலங்கையின் பள்ளிகளில் இன்று ‘பல்லினப் பண்பாடு’ என்னும் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. தைப்பொங்கலுக்கு ஒரு படம், வெசாக்குக்கு ஒரு படம், நோன்புப் பெருநாளுக்கு ஒரு படம், நத்தாருக்கு ஒரு படம். கீழே, ஒருவரையொருவர் மதித்து வாழவேண்டும் என்ற அறிவுரை. இதிலே தவறு ஒன்றுமில்லை. ஆனால் இந்த மக்கள் எல்லோரும் எவ்வாறு அயலவர் ஆனார்கள், ஒருவர் காணியில் மற்றவர் ஏன் வேலை செய்கிறார், ஒருவர் வீட்டிலும் மற்றவர் லயத்துக் காம்பராவிலும் ஏன் வாழ்கிறார் என்று ஒரு பிள்ளை கேட்டால், அந்தப் பாடம் வாய் திறப்பதில்லை.

இந்தக் கேள்வி வேறெங்கும் விடச் சப்ரகமுவவில் கூர்மையானது. நுவரெலியா மாவட்டத்தின் சனத்தொகையில் மலையகத் தமிழர் பெரும் பகுதியினர். அங்கே தோட்டத்தை அடுத்து இன்னொரு தோட்டம் இருக்கும். இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களில் நிலைமை வேறு. பலாங்கொடை, இறக்குவானை, காவத்தை, தெரணியகலை, யட்டியாந்தோட்டை, புளத்கொஹுபிட்டிய என்று தேயிலையும் இறப்பரும் சிதறிக் கிடக்கின்றன. தோட்டங்களைச் சூழச் சிங்களக் கிராமங்கள். லயத்தின் கோடியிலிருந்து பார்த்தால் கிராமத்தின் வயல் தெரியும். கிராமத்து விகாரையின் பிரித் ஓசை லயத்துக்குக் கேட்கும். இவ்வளவு அண்மையில் வாழும் இரு பிள்ளைகளும் இரு மொழிகளில், இரு பள்ளிக்கூடங்களில், ஒருவரையொருவர் அறியாமலே வளர்கின்றனர். இந்த இருவரும் ஒரே சரித்திரத்தின் பிள்ளைகள் என்பதே இக்கட்டுரையின் வாதம். அந்தச் சரித்திரத்தை மறைத்துவிட்டுப் பண்பாட்டுப் பன்மையைக் கற்பிக்க முயல்வது, அத்திவாரமின்றிச் சுவர் எழுப்புவதையே ஒக்கும்.

மலை சொல்லும் பாடம்

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவிக்க வேண்டும். ஆதியில் ஒருமையாக இருந்த நிலத்திலே அந்நியர் வந்து பன்மையைப் புகுத்தினார்கள் என்று எண்ணுவோர் உண்டு. சப்ரகமுவவின் மலையே இதை மறுக்கிறது. இரத்தினபுரிப் பக்கத்தில் வானளாவி நிற்கும் சிகரத்தைச் சிங்கள மக்கள் ஸ்ரீபாத என்கின்றனர். தமிழர் சிவனொளிபாதமலை என்கின்றனர். முஸ்லிம்கள் பாவா ஆதம் மலை என்கின்றனர். உச்சியில் உள்ளது ஒரே அடிச்சுவடு. மொரோக்கோ நாட்டு யாத்திரிகர் இப்னு பதூதா 1344ஆம் ஆண்டில் இம்மலையில் ஏறினார். மேலே செல்லும் இரு பாதைகளைப் பாபா வழி, மாமா வழி என்று தம் பயண நூலில் குறித்தார். இரத்தினபுரியின் மாணிக்கக் கல்லைத் தேடி வந்த அரபு வணிகருக்கும், பாதத்தைத் தேடி வந்த பௌத்த யாத்திரிகருக்கும் இந்த மலைச்சாரல் பொதுவழியாக இருந்தது.

அவிசாவளையை அண்டிய சீதாவாக்கை இராச்சியத்தின் கதையும் இப்படியே. போர்த்துக்கேயரை நடுங்கவைத்த முதலாம் இராஜசிங்கன், 1581 முதல் 1593 வரை ஆண்டவன், சைவத்தைத் தழுவினான். பெரெண்டி கோயில் என்று இன்று அழைக்கப்படும் கற்கோயில் அவன் காலத்து வைரவர் கோயில் என்பது மரபு. அவன் சபையில் தென்னிந்தியர் செல்வாக்குடன் இருந்தனர். கண்ணகியைப் பத்தினி தெய்வமாகச் சிங்களக் கிராமங்கள் வழிபடுகின்றன. கண்டிய கிராமங்களில் ஆடப்படும் சொக்கரி நாடகம், இந்தியாவிலிருந்து மனைவியோடு இலங்கைக்கு வந்து சேரும் ஒருவனின் கதை. தோட்டத்திலே மாசி மாதத்தில் காமன் கூத்து ஆடுகிறார்கள். கிராமத்துக் களத்திலே சொக்கரி ஆடுகிறார்கள். இரண்டையும் அருகருகே வைத்துப் பேசும் ஆசிரியர் ஒருவர், எத்தனை அறிவுரைகளாலும் உண்டாக்க முடியாத உறவை ஒரு மணி நேரத்தில் உண்டாக்கிவிடலாம்.

ஆனால் கூத்தோடும் திருவிழாவோடும் பாடம் நின்றுவிடலாகாது. அடுத்துச் சொல்லவேண்டியது காணியின் கதை. கசப்பானது என்பதாலேயே அது பெரும்பாலும் தவிர்க்கப்படுகிறது.

காணியின் கதை

1840ஆம் ஆண்டில் பிரிட்டிஷ் ஆட்சி முடிக்குரிய காணிகள் பற்றிய கட்டளைச் சட்டத்தை இயற்றியது. காடு, தரிசு, பயிரிடப்படாத நிலம் யாவும் முடிக்குச் சொந்தம்; அல்ல என்பவன் அதை நிரூபிக்கட்டும் என்பது அதன் சாரம். கிராமத்தவனிடம் வயல் இருந்தது. வயலுக்கு மேலே சேனைப் பயிர் செய்யும் மேட்டு நிலமும், மாடு மேய்க்கவும் விறகு பொறுக்கவும் ஊருக்குப் பொதுவான காடும் இருந்தன. இவற்றுக்கெல்லாம் அவனிடம் உறுதிப் பத்திரம் ஏது? பாட்டன் காலத்து வழக்கம் ஒன்றே உரிமையாக இருந்தவனிடம் கடதாசி கேட்டது அரசு. ஏக்கர் 5 சிலிங் விலைக்குக் காணிகள் விற்கப்பட்டன; வாங்கியவர்களிடையே அரசாங்க உத்தியோகத்தரும் இருந்தனர். 1897ஆம் ஆண்டின் தரிசு நிலச் சட்டம் இந்தப் பறிப்பை மேலும் இறுக்கியது. கோப்பிக்கும், பின்னர் தேயிலைக்கும், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டிகள் பெருகியபோது இறப்பருக்கும் மலைச்சரிவுகள் சென்றன. கிராமம் பள்ளத்துக்குள் சுருங்கியது.

காணி கிடைத்தது, கை வேண்டும். கிராமத்தவன் தோட்டத்துக் குடியிருப்புக் கூலியாக வரவில்லை. அவனுக்கு வயல் வேலை இருந்தது. துரைமார் கொடுத்த கூலியோ அற்பம். வருடம் முழுவதும் லயத்தில் அடைபட்டுக் கிடந்து, பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிட்டால் நிற்கும் ஆளே அவர்களுக்குத் தேவைப்பட்டான். எனவே கிராமத்தவனைச் சோம்பேறி என்று எழுதிவைத்துவிட்டு, தமிழ்நாட்டின் வறண்ட கிராமங்களை நோக்கிக் கங்காணியை அனுப்பினார்கள். திருச்சிராப்பள்ளி, சேலம், மதுரை, தஞ்சாவூர், இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பகுதிகளிலிருந்து மக்கள் வந்தனர். பஞ்சமும், கடனும், பண்ணையடிமைத்தனமும் அவர்களைத் துரத்தின. மன்னாரிலிருந்து காட்டுவழியே நடந்து வந்த தொடக்க காலத்தில் வாந்திபேதியிலும் காய்ச்சலிலும் ஆயிரக்கணக்கானோர் வழியிலேயே மடிந்தனர். உயிரோடு வந்தவர்கள் பிரயாணச் செலவையே முதற்கடனாகச் சுமந்து வேலையைத் தொடங்கினர். கடனை எழுதி ஆளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கைமாற்றிய ‘துண்டு’ முறை 1921 வரையில் ஒழியவில்லை.

இவ்விரு கதைகளையும் சேர்த்துப் பார்த்தால் என்ன தெரிகிறது? கிராமத்தவன் காணியை இழந்தான். தொழிலாளி ஊரை இழந்தான். இருவர் இழப்பிலும் இலாபம் கண்டவர் ஒருவரே. ஆனால் கிராமத்துப் பிள்ளை கேட்டு வளர்ந்தது, ‘இவர்கள் வந்து நம் காணியைப் பிடித்துக்கொண்டார்கள்’ என்பதை. தோட்டத்துப் பிள்ளை கேட்டு வளர்ந்தது, ‘இவர்கள் வேலை செய்யாத ஆட்கள், நாங்களே காட்டை அழித்து நாட்டை வளமாக்கினோம்’ என்பதை. இரண்டு வாக்கியங்களும் பிறந்த இடம் வெள்ளைத் துரையின் பங்களாத் திண்ணை. துரை போய்விட்டார், அவருடைய வாக்கியங்கள் நம் வாயிலே இருக்கின்றன. சமூகக் கல்வி ஆசிரியர் முதலில் செய்யவேண்டியது, இந்த வாக்கியங்களைப் பிள்ளைகளின் வாயிலிருந்து எடுத்து மேசையின் மேல் வைத்துப் பரிசோதிப்பது.

உருளவள்ளி

கேகாலை மாவட்டத்திலே, உந்துகொடப் பகுதியிலே, நேவ்ஸ்மியர் என்றொரு தோட்டம். தமிழ் மக்கள் அதை உருளவள்ளி என்பர். காணியற்ற சிங்களக் கிராமத்தவருக்குப் பகிர்ந்தளிப்பதற்காக அத்தோட்டத்தை அரசாங்கம் எடுத்துக்கொண்டது. குடியிருந்த நூற்றுக்கணக்கான தமிழ்த் தொழிலாளரை வெளியேறும்படி 1946ஆம் ஆண்டில் உத்தரவிட்டது. பிறந்து வளர்ந்த லயத்தை விட்டு எங்கே போவது? அவர்கள் போக மறுத்தனர். அத்துமீறிக் குடியிருந்த குற்றத்துக்காக அவர்கள் மீது வழக்குத் தொடரப்பட்டது. இலங்கை இந்தியக் காங்கிரசின் தலைமையில் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில் பெருந்திரளான தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். வழக்கு இலண்டன் பிரிவிக் கவுன்சில் வரை சென்றது. தன் வீட்டில் தொடர்ந்து இருக்கவேண்டும் என்னும் நோக்கத்தோடு இருந்தவனைக் குற்றவாளி என்று கொள்ள முடியாது என 1950இல் தீர்ப்பாயிற்று.

இந்த நிகழ்ச்சியை ஒரு வகுப்பில் எப்படிச் சொல்வது? தொழிலாளியின் பக்கம் மட்டும் சொன்னால், காணியின்றித் தவித்த கிராமத்தவன் பேராசைக்காரனாகத் தோன்றுவான். கிராமத்தவன் பக்கம் மட்டும் சொன்னால், தொழிலாளி அடாவடிக்காரன் ஆவான். கிராமத்தவனின் காணிப் பசி பொய்யன்று. 1951இல் வெளியான கண்டிய விவசாயிகள் ஆணைக்குழுவின் அறிக்கை அதற்குச் சாட்சி. தொழிலாளியின் வீட்டுரிமையும் பொய்யன்று. இரண்டு நியாயங்களை மோதவிட்டது யார் என்று கேட்கும்போதே பாடம் தொடங்குகிறது. பெருந்தோட்டங்களின் உடைமையைத் தொடாமல், ஒரு தோட்டத்து ஏழையை எழுப்பி அவ்விடத்தில் இன்னோர் ஏழையை இருத்துவதே காணிச் சீர்திருத்தம் என்று காட்டியவர்கள் யார்? பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கு இது விளங்காத விஷயமல்ல. வரப்புத் தகராற்றைக் கண்ட கிராமத்துப் பிள்ளைக்கும், லயத்துக் கூரை ஒழுகுவதைக் கண்ட தோட்டத்துப் பிள்ளைக்கும் இது எந்த மன்னனின் வம்சாவளியைக் காட்டிலும் எளிதில் விளங்கும்.

இடாப்பிலிருந்து உதிர்ந்த பெயர்கள்

1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் இம்மக்களை நாடற்றவராக்கியது. 1949இல் வாக்குரிமையும் போயிற்று. 1952இல் சீனாவுடன் இறப்பர் - அரிசி ஒப்பந்தம் கைச்சாத்தானது: ஆண்டுக்கு 50,000 தொன் இறப்பர் அங்கே போகும், 270,000 தொன் அரிசி இங்கே வரும். கேகாலைத் தோட்டங்களில் விடியற்காலையில் மரம் சீவிப் பால் எடுத்தவர்களில் தமிழரும் இருந்தனர், சிங்களரும் இருந்தனர். அந்தப் பால்தான் நாட்டு மக்களின் சோறாக மாறியது. அந்தச் சோற்றை ஆக்கிக் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினருக்கு அந்த நாட்டின் பிரசை என்ற பெயர் இல்லை!

1964 அக்டோபர் 30இல் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 மக்களை எண்ணிப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் பார்த்துக்கொள்ளப்படும். இந்த எண்ணிக்கைக்குள்ளே பள்ளிப் பிள்ளைகளும் அடக்கம். பக்கத்து வாங்கில் இருந்தவன் ஒரு நாள் வராமற் போனான். இடாப்பிலே அவன் பெயர் வெட்டப்பட்டது. அவன் நீலகிரியிலோ வேறெங்கோ ‘சிலோன்காரன்’ ஆனான்.

அதன் பிறகு தீ. 1977 ஆகஸ்டிலும், 1981 ஆகஸ்டிலும், 1983 ஜூலையிலும் தோட்ட மக்கள் தாக்கப்பட்டனர். 1981இல் இரத்தினபுரி மாவட்டம் குறிப்பாக அடிபட்டது. லயங்கள் எரிந்தன, மக்கள் தேயிலைக் காட்டுக்குள் ஒளிந்தனர், பலர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் பெயர்ந்து போயினர். காந்தியம் போன்ற அமைப்புகள் அங்கே அவர்களுக்குக் குடியிருக்க வழி செய்தன. பின்னர் அந்த வன்னி மண்ணின் யுத்தமும் அவர்களையே வாட்டியது. தாக்க வந்தவர்களிடமிருந்து தமிழ் அயலவரைத் தம் வீட்டுக்குள் மறைத்துக் காத்த சிங்களக் கிராமத்தவரும் உண்டு. பாடம் இவ்விரண்டையும் சொல்லவேண்டும். முதலாவதை மட்டும் சொன்னால் பகை வளரும். இரண்டாவதை மட்டும் சொன்னால் பொய் வளரும். கடைசி நாடற்றவருக்கும் பிரசாவுரிமை வழங்க வழிசெய்த சட்டம் 2003இல்தான் வந்தது.

பள்ளிக்கூடம் வந்த வழி

இந்தச் சரித்திரத்தைச் சொல்லவேண்டிய பள்ளிக்கூடமே அதன் ஒரு பகுதி. 1907ஆம் ஆண்டின் கிராமப் பாடசாலைக் கட்டளைச் சட்டம், ஆறு முதல் பத்து வயது வரையுள்ள தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி அளிப்பதைத் தோட்டத் துரையின் கடமை ஆக்கியது. பிள்ளை படித்தால் கொழுந்துக்கு ஆள் குறையும் என்று அஞ்சுபவரிடமே கல்வியை ஒப்படைத்த விந்தை அது! லயத்தின் ஓரத்தில் ஓர் அறை, ஒரே வாத்தியார், ஐந்து வகுப்புகள்; மாலையில் அதே வாத்தியார் தோட்டத்துக் கணக்கும் எழுதுவார். கன்னங்கராவின் முயற்சியால் 1945 அக்டோபரில் இலவசக் கல்வி வந்தது. தோட்டத்து வாசலில் அது தயங்கி நின்றது. 1960 - 61இல் உதவி நன்கொடைப் பள்ளிகளை அரசு ஏற்றபோதும் தோட்டப் பள்ளிகள் புறத்தே விடப்பட்டன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தத்தில் தோட்டங்கள் அரசுடைமையான பின்னரே, 1970களின் பிற்பகுதியில், அப்பள்ளிகள் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. கிராமப் பள்ளிக்கும் தோட்டப் பள்ளிக்கும் இடையில் இரண்டு தலைமுறை இடைவெளி விழுந்தது இப்படித்தான்.

சப்ரகமுவவில் இந்த இடைவெளி இன்னொரு வடிவம் எடுத்தது. தமிழ் மொழிமூலப் பள்ளிகள் சிறியவை, தூரத்தில் உள்ளவை. பலவற்றில் உயர்தர வகுப்பு இல்லை. ஆகவே பெற்றோர் பலர் பிள்ளையை அண்மையிலுள்ள சிங்களப் பள்ளிக்கு அனுப்புகின்றனர். இரு மொழியும் அறிந்த பிள்ளை நாட்டுக்குச் செல்வம். ஆனால் தன் மக்களின் பெயரே இல்லாத சரித்திரத்தை அவன் அந்நிய மொழியில் மனனம் செய்யும்போது, தாத்தாவைப் பற்றி வெட்கப்படக் கற்றுக்கொள்கிறான். ‘கள்ளத்தோணி’ என்னும் வசை அவன் காதில் விழும்போது, மறுமொழி சொல்ல அவனிடம் சரித்திரம் இல்லை.

1972இன் சீர்திருத்தம் சரித்திரம், பூகோளம், குடியியல் ஆகியவற்றை இணைத்துச் சமூகக் கல்வி என்ற பாடத்தை அமைத்தது. 1980களின் தொடக்கத்தில் ரெஜி சிறிவர்தன, கா. இந்திரபாலா முதலிய அறிஞர்கள் பாடநூல்களை ஆராய்ந்தார்கள். சிங்கள வாசிப்பு நூல்கள் காட்டும் உலகத்தில் பிற இனத்தவர் வாழ்வதாகவே தெரியவில்லை என்பது அவர்கள் சுட்டிய குறைகளில் ஒன்று. 2007இல் வரலாறு மீண்டும் தனிக் கட்டாயப் பாடமாயிற்று. 2008இல் சமூக ஒருமைப்பாட்டுக்கும் சமாதானத்துக்குமான கல்விக் கொள்கையும் வகுக்கப்பட்டது. கொள்கை நல்லது. ஆயினும், தோட்டத் தொழிலாளர் பாடநூலில் வருவது பெரும்பாலும் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையின் துணைக்குறிப்பாகவே. உரம், காலநிலை, தொழிலாளர் என்று வரிசைப்படுத்தினால் மனிதனும் ஒரு மூலப்பொருளாகிவிடுகிறான்.

வகுப்பறையில் செய்யத்தக்கவை

புதிய பாடநூல் வரும்வரை ஆசிரியர் கைகட்டி இருக்கவேண்டியதில்லை. அவரைச் சுற்றியுள்ள மண்ணே பாடநூல். தோட்டத்துக்கு ஆங்கிலப் பெயர் ஒன்று, தமிழ்ப் பெயர் ஒன்று, அந்த நிலத்துக்குப் பழைய சிங்களப் பெயர் ஒன்று இருக்கும். இவற்றைத் தேடி எழுதச் சொன்னால், மூன்று பெயர்களில் அந்த ஊரின் இருநூறு வருடம் அடங்கிவிடும். கவ்வாத்துச் சாமி ஏன் தோட்டத்தில் மட்டும் இருக்கிறார் என்று பிள்ளைகள் பாட்டியிடம் கேட்டு வரட்டும். சல்லி, முதலாளி, அக்கா போன்ற சொற்கள் இரு மொழிகளிலும் எப்படி வாழ்கின்றன என்று பார்க்கட்டும். நடேசையரும் சி. வி. வேலுப்பிள்ளையும் செய்த பணியைச் சிங்களப் பிள்ளை அறியட்டும். 1934 - 35இன் மலேரியாக் கொள்ளைநோய் கேகாலைக் கிராமங்களை எப்படிச் சூறையாடியது என்பதைத் தமிழ்ப் பிள்ளை அறியட்டும். வருடத்துக்கு இரு தடவையாவது அயற்பள்ளிகள் இரண்டும் சேர்ந்து இத்தேடல்களை ஒருவர்க்கொருவர் வாசித்துக்காட்டட்டும்.

நம் வீட்டையும் துப்புரவு செய்யவேண்டும். தோட்டத்து மக்கள் ஒரே அச்சில் வார்த்தவர்கள் அல்லர். தெலுங்கு பேசியோரும் மலையாளத்தவரும் வந்தனர். கங்காணி சாதியும் கூலிச் சாதியும் வேறாக இருந்தன. லயத்துக் காம்பராக்களும் சாதி பார்த்தே பிரிக்கப்பட்டன. ‘தோட்டக்காட்டான்’ என்று முதலில் இகழ்ந்த நாவுகளில் தமிழ் நாவும் உண்டு. சிங்களப் பாடநூலில் இடம் கேட்கும் நாம், நம் பாடத்தில் இதை மறைத்தால் அந்தக் கோரிக்கைக்கு வலு ஏது?

மொரீஷியஸ் தீவில் ஒப்பந்தக் கூலிகள் 1834இல் வந்து இறங்கிய நாளான நவம்பர் 2, இன்று தேசிய விடுமுறை. அவர்கள் காலடி வைத்த போர்ட் லூயித் துறைமுகக் கற்படிகள் 2006 முதல் உலக மரபுச் சின்னம். அடிமைத்தளை ஒழிந்த பெப்ரவரி 1ஆம் நாளையும் அந்நாடு தனியே கொண்டாடுகிறது. அடிமையாக வந்தவனின் சந்ததியும் கூலியாக வந்தவனின் சந்ததியும் ஒருவர் நாளை மற்றவர் அறிந்திருக்கின்றனர். அங்கே எல்லாம் சரியாகிவிட்டது என்று எவரும் சொல்லார். ஆனால் வந்த கதையைச் சொல்வதால் ஒரு நாடு உடைந்துவிடாது என்பதற்கு அத்தீவு போதிய சான்று.

சப்ரகமுவவின் பிள்ளைகளுக்கும் அந்த உரிமை உண்டு. பாட்டன் ஏன் காணி இழந்தான் என்று கிராமத்துப் பிள்ளையும், பாட்டன் ஏன் கடல் கடந்தான் என்று லயத்துப் பிள்ளையும் ஒரே வகுப்பில் கேட்கும் நாள் வரவேண்டும். அந்தக் கேள்விகளுக்கு அஞ்சாமல் விடை சொல்லும் ஆசிரியரை ஆக்குவது கல்வித் திணைக்களத்தின் கடமை. அவருக்குத் துணை நிற்பது எழுத்தாளரின் கடமை, தொழிற்சங்கத்தின் கடமை, பெற்றோரின் கடமை. உழைக்கும் மக்களின் ஒற்றுமையை மேடையில் முழங்குகிறோம். அது முளைக்கவேண்டிய இடம் பள்ளிக்கூடத்து வாங்கு.